பூவைப் பிடித்துக்கொண்டு ஓர் அனுபவக் கட்டுரை எழுத: செட்டிநாட்டில் மாசி முதல் வைகாசி வரை செய்ய வேண்டியவை

அனுபவக் கட்டுரை எழுத முதன்முறையாக உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ஒரே ஒரு கட்டுரை அச்சாக மூன்று வருடம் ஆயிற்று. அதில் முதல் இரண்டு வருடம் முழுக்க வீண். எனக்கு எழுத வராது என்று நானே முடிவு கட்டி, நோட்டைப் பரணில் போட்டுவிட்ட நாளும் உண்டு.

முதல் கட்டுரைக்கு நான் வைத்த தலைப்பு ‘வசந்தம்’. குயில், தென்றல், மாந்தளிர் எல்லாம் அதில் இருந்தன. ஆசிரியர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: “இது எந்த ஊர்?” காரைக்குடியில் பிறந்து, பூ கட்டி விற்ற அம்மாவின் மடியில் வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி தைத்தது. பங்குனி வெயிலில் முற்றம் கொதிக்கும், வேப்பம்பூ அதில் வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும். அதுதான் நம் பக்கத்து வசந்தம். அதை நான் எழுதவே இல்லை.

நான் சுற்றிய சுற்று உங்களுக்கு வேண்டாம். கீழே சொல்கிற வரிசையில் போனால் ஒரு பருவத்துக்குள் ஒரு கட்டுரை முடிந்துவிடும்.

1. முதலில் மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்று பள்ளியில் படித்திருப்போம். பூக்கள் அதுவரை காத்திருப்பதில்லை. மாசி பாதியிலேயே வேலை தொடங்கிவிடும். அதனால் பிப்ரவரி நடுவிலேயே நோட்டைத் திறந்து வையுங்கள்.

மாசியில் முள்ளிலவு இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறுங்கிளையில் சிவப்பாகப் பூக்கும். இலுப்பையும் இலை உதிர்த்து, கிளை நுனியில் கொத்துக் கொத்தாக மொட்டு வைக்கும். காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலின் மாசி, பங்குனித் திருவிழாவும் இந்தச் சமயம்தான். தெருவெல்லாம் பால்குடமும் முளைப்பாரியும் போகும். பூக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அவர்களிடம் பேச இது சரியான காலம் இல்லை, பார்த்துக்கொண்டு நிற்க மட்டும் நல்ல காலம்.

பங்குனிதான் நடுநாயகம். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வேம்பும் புங்கையும் இலுப்பையும் ஒரே நேரத்தில் பூக்கும். பொன்னமராவதி பக்கம் கொன்னையூர் மாரியம்மனுக்குப் பூச்சொரிதல் நடக்கும். குன்றக்குடியில் பங்குனி உத்திரக் காவடி வரும். வருடத்தில் ஒரே ஒரு மாதம்தான் விடுப்புப் போட முடியும் என்றால் பங்குனியில் போடுங்கள்.

சித்திரையில் சரக்கொன்றை. வாகையும் சேர்ந்துகொள்ளும். மல்லிகை வரத்து கூடி விலை இறங்கும். ஏப்ரல் 14 அன்று வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் போட்டுப் பச்சடி செய்வோம், அந்தப் பச்சடிக்கான பூவைப் பங்குனியிலேயே சேகரித்து நிழலில் உலர்த்திவிடுவார்கள். ஆக, பூ எடுப்பது ஒரு மாதம், சாப்பிடுவது அடுத்த மாதம். எழுதும்போது இந்த இரண்டையும் ஒரே நாளில் போட்டுக் குழப்பாதீர்கள், நான் குழப்பியிருக்கிறேன்.

வைகாசியில் மயில்கொன்றை சிவக்கும். அதற்குள் உங்கள் குறிப்பெடுக்கும் வேலை முடிந்திருக்க வேண்டும்.

2. வாங்க வேண்டியவை, செலவு

பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு ஆன கணக்கு: நோட்டு 2, 90 ரூபாய். பேனா 20. ஐந்து நாள் ஒவ்வொரு முழம் மல்லிகை, 150. வெளியூர் பஸ் இரண்டு முறை போய்வர 88. பிரிண்ட் 24 பக்கம், 72. தபால் இரண்டு முறை, 130. மொத்தம் 550 ரூபாய். பெண்கள் சாதாரண டவுன் பஸ்ஸில் போனால் டிக்கெட் கிடையாது. பக்கத்துக் கிராமங்களுக்கு நான் அப்படித்தான் போய்வந்தேன்.

எழுதுவதற்கென்று விலை உயர்ந்த டைரி வாங்காதீர்கள். அழகான டைரியில் அழகான வாக்கியம் எழுதத்தான் கை போகும். ஈரக்கையோடு எடுத்து எழுத, கோடு போட்ட 80 பக்க நோட்டுதான் தோது.

3. பூவின் பெயரைச் சரிபாருங்கள்

மஞ்சளாக எது பூத்தாலும் கொன்றை என்று எழுதிவிடுகிறோம். சரஞ்சரமாகக் கீழே தொங்கினால் சரக்கொன்றை. மேல்நோக்கி நிமிர்ந்த கொத்தாக, சாலையோரம் துருநிறக் காய்களோடு நிற்பது பெருங்கொன்றை, இயல்வாகை என்றும் சொல்வார்கள். சிவப்பாகக் குடை விரித்து நிற்கிற மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். “சங்க காலத்திலிருந்து நம் வாசலில் நிற்கும் மயில்கொன்றை” என்று ஒரு நண்பர் எழுதி, வாசகர் கடிதத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மல்லிகை, முல்லை, பிச்சி மூன்றும் வேறு வேறு. சந்தேகம் இருந்தால் பூக்கடை அக்காவிடம் போய் மூன்றிலும் ஒவ்வொரு கை கேளுங்கள். கையில் வைத்து மொட்டின் நீளத்தையும் காம்பையும் பாருங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அங்கேயே தொழில் வார்த்தைகளும் கிடைக்கும்: கட்டாதது உதிரி, கட்டியது சரம், பல பூவும் கலந்தது கதம்பம், கட்டுவது வாழைநாரில், அளப்பது முழத்தில். இந்த வார்த்தைகள் கட்டுரைக்குள் வந்தாலே ஊர் வந்துவிடும்.

இன்னொரு கண்ணி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார். அதைப் படித்த மயக்கத்தில், வாழ்நாளில் கண்ணால் பார்த்திராத தளவத்தை என் கட்டுரையில் பூக்க வைத்தேன். பழைய பெயர் அழகுதான். நீங்கள் தொட்டுப் பார்த்த பூவாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். பழைய தமிழிலிருந்து எடுத்துக்கொள்ள வேறொன்று இருக்கிறது, பூவின் பருவங்களுக்கான சொற்கள். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். உதிர்ந்த பூவுக்கு வீ என்றும் வாடிக் கிடக்கும் பூவுக்குச் செம்மல் என்றும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிற மொழியில் எல்லாவற்றையும் ‘மலர்’ என்று மட்டும் எழுதுவது பெரிய நஷ்டம்.

4. ஒரே மரம், ஏழு நாள், சரியான நேரம்

பத்து மரத்தைப் பத்து நாள் பார்ப்பதைவிட ஒரே மரத்தை ஏழு நாள் பாருங்கள். எந்த மரம் என்பதைப் பொறுத்து நேரம் மாறும்.

இலுப்பை இரவில் பூத்து விடிவதற்குள் உதிரும். கண்மாய்க்கரையிலோ கோயில் பக்கமோ மரம் இருந்தால் 5 மணிக்கு டார்ச்சோடு போய் நில்லுங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். வௌவால்கள் கிளையில் அடித்துக்கொண்டு கிளம்பும் சத்தமும், சதைப்பற்றான பூ சருகில் ‘பொத் பொத்’தென்று விழும் சத்தமும் கேட்கும். 7 மணிக்குப் போனால் ஆடுகள் தின்றது போக மிச்சம்தான். ஒரு பூவை எடுத்துக் கழுவி வாயில் போடுங்கள். இனிக்கும், கூடவே லேசாகப் புளித்த வாடை அடிக்கும். ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்கிற பழமொழியை நான் நாக்கால் புரிந்துகொண்டது அந்த விடியலில்தான். அதுவரை அதை வெறும் ஏளனப் பேச்சு என்றே நினைத்திருந்தேன்.

மல்லிகை மொட்டைக் காலையில் பறிப்பார்கள், விரிவது மாலையில். ஒரு முழம் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்து, 5 மணியிலிருந்து பக்கத்தில் உட்காருங்கள். வேம்பின் மணம் பொழுது சாயும்போதுதான் நன்றாகத் தெரியும். புங்கைக்கு காலை 8 மணி. தேனீக்கள் மொய்க்கிற சத்தத்தை வைத்தே மரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம்.

தினமும் ஐந்து வரி போதும்: தமிழ்த் தேதி, மணி, மரம் நிற்கும் இடம், மணம் அல்லது சத்தம், பக்கத்தில் யாராவது பேசியது. கடைசி வரி ரொம்ப முக்கியம். பிற்பாடு கட்டுரைக்குள் உயிரோடு வந்தது பெரும்பாலும் அந்த வரிதான். “என்னத்தா, பூவ எண்ணிக்கிட்டா இருக்கே?” என்று கேட்டுவிட்டுப் போன ஓர் ஆடு மேய்க்கும் ஐயாவை நான் கற்பனையில் உருவாக்கியிருக்க முடியாது.

முதல் பத்து நிமிடம் போனை எடுக்காதீர்கள். படம் எடுத்த மறுநொடி மூக்கும் காதும் வேலையை நிறுத்திவிடுகின்றன. வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்து எழுதினால் நிறம் மட்டும் இருக்கும்.

5. அனுமதி வாங்காமல் எழுதாதீர்கள்

செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் இது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம் தெருக்களில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடுகள் பூட்டிக் கிடக்கும். முற்றத்துச் செடி பூத்திருக்கும், உடையவர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். காவலுக்கு இருப்பவர் நல்ல மனுஷர், கதவைத் திறந்து காட்டுவார். அவர் காட்டியதை வீட்டுக்காரர் அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமைக்காரர்களாக இருப்பார்கள். நீங்கள் காவல்காரர் கையில் கொடுத்த 100 ரூபாயால் அவருக்கு வேலை போகவும் கூடும்.

செய்ய வேண்டியது சுலபம். வீட்டுக்காரரின் எண்ணை வாங்கி வாட்ஸ்அப்பில் மூன்று வரி அனுப்புங்கள்: நான் யார், உங்கள் வீட்டு முற்றத்துச் செடியைப் பற்றிக் கட்டுரை எழுத விரும்புகிறேன், வீட்டின் பெயரையும் படத்தையும் போடலாமா கூடாதா. பதில் வந்ததும் அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ஆவணம். பார்வையாளர் கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்துவிடும் வீடுகளிலும், கட்டணச் சீட்டு படத்தை அச்சில் போடும் அனுமதி ஆகாது. தனியாகக் கேளுங்கள்.

கோயில் நந்தவனத்தில் பூவைப் பறிக்கவும் கூடாது, முகரவும் கூடாது. சாமிக்குப் போகிற பூ. தள்ளி நின்று பாருங்கள்.

மனிதர்களைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். என் இரண்டாவது கட்டுரையில் எங்கள் தெரு ஆச்சி ஒருவர் தினமும் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி யாருக்கும் கொடுக்காமல் சாமிப் படத்துக்கு வைத்த காரணத்தை எழுதினேன். பெயரை மாற்றியிருந்தேன், அது போதும் என்று நினைத்தேன். தெருவில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தாயி” என்று மட்டும் சொன்னார். கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சரி என்றே சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு பழையபடி என்னோடு உட்கார்ந்து பேச அவருக்கு இரண்டு வருடம் ஆயிற்று. உயிரோடு இருக்கிறவரைப் பற்றி எழுதினால், அச்சுக்குப் போகும் முன் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இதற்குச் செலவு ஒரு மாலை நேரம், அவ்வளவுதான்.

6. பூவை வைத்து நினைவுக்குத் தேதி போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பூவிலிருந்து எழுத ஊக்கம் வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படி வரும் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு வந்த வழி இது. ஒவ்வொரு பூவுக்கும் மாதம் உண்டு. நம் ஞாபகத்துக்கு மாதம் கிடையாது. ஒரு பழைய நினைவில் எந்தப் பூ கிடக்கிறது என்று தேடினால் அந்த நினைவுக்குத் தேதி கிடைத்துவிடும். அந்தத் தேதி நீங்கள் இத்தனை நாள் நம்பிவந்ததற்கு மாறாக இருந்தால், உங்கள் கட்டுரை அங்கேதான் இருக்கிறது.

என் அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது எனக்கு 9 வயது. 1995 தீபாவளியன்று வீட்டில் பெரிய சண்டை. மறுநாளே அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் 25 வருடத்துக்கு மேலாக நினைத்திருந்தேன். அந்தக் கோபத்தையும் வளர்த்து வைத்திருந்தேன். நாலாம் படியில் சொன்ன குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்த ஒரு பங்குனிச் சாயங்காலம், அவர் பெட்டியோடு படி இறங்கின காட்சி ஞாபகம் வந்தது. செருப்பில் வேப்பம்பூ ஒட்டியிருந்தது. குனிந்து தட்டிவிட்டுப் போனார்.

ஐப்பசியில் வேம்பு பூக்காது.

அம்மாவிடம் கேட்டேன். “தீவாளிக்குப் போகலத்தா. பங்குனியிலதான் போனாக. வேம்பு கொட்டிக் கெடந்துச்சே, கூட்டவே இல்ல நான் அன்னைக்கு” என்றார். அம்மாவின் ஞாபகமும் தவறலாம் என்று அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டை எடுத்தோம். முத்திரை 28 மார்ச் 1996. பங்குனி நடு. அப்படியானால் சண்டைக்குப் பிறகு ஐந்து மாதம் அவர் வீட்டில்தான் இருந்திருக்கிறார். அந்த ஐந்து மாதம் எங்கே போயிற்று?

அம்மாவின் பூக்கணக்கு நோட்டில் இருந்தது. ‘உதிரி மல்லி 2 கிலோ, நார் 1 கட்டு, பாக்கி’ என்று தினமும் எழுதுவார் அம்மா. கார்த்திகை முதல் பங்குனி வரைக்கும் அந்த வரிகள் அப்பாவின் கையெழுத்தில் இருந்தன. விசாவுக்குக் காத்திருந்த மாதங்களில் அவர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நார் கிழித்துக் கொடுத்து, கணக்கு எழுதியிருக்கிறார். நான் எழுதின கட்டுரை அந்த நோட்டைப் பற்றியதுதான். வேப்பம்பூ அதில் ஒரே ஒரு வரியில் வரும்.

நீங்கள் தேடிப் பார்க்க வேண்டிய ஆவணங்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். பழைய பாஸ்போர்ட், தபால் முத்திரையோடு உள்ள கடிதங்கள், போட்டோவின் பின்பக்கம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், கோயில் திருவிழா அழைப்பிதழ், கல்யாண மொய் நோட்டு. மொய் நோட்டை லேசாக நினைக்காதீர்கள். தேதி, யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து, எவ்வளவு செய்தார்கள், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். வராதவர் யார் என்பதும் தெரியும்.

தேதி மாற்றுவதற்கு ஒரு குறிப்பு: தமிழ் மாதம் பெரும்பாலும் ஆங்கில மாதத்தின் நடுவில் பிறக்கும். துல்லியமாக வேண்டும் என்றால் அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைத் தமிழ் மாதத்திலேயே எழுதிக்கொண்டு பிறகு மாற்றுங்கள். “மார்ச்சா ஏப்ரலா?” என்று அவர்களைக் கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்.

தேடலுக்குக் குறைந்தது இரண்டு வாரம் ஒதுக்குங்கள். பரண், மரப்பெட்டி, இரும்பு அலமாரி என்று எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருக்கும். ஆவணங்களை வீட்டைவிட்டு எடுத்துப் போகாமல் அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பிகளுக்குள் இதனால் மனஸ்தாபம் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

7. முதல் வரைவு

ஒரு பூ, ஒரு ஆள், ஒரு நாள். இந்த மூன்றுக்கு மேல் முதல் கட்டுரையில் தாங்காது. அளவு 800 முதல் 1,200 சொல். ஒரே உட்காரலில் எழுதிவிடுங்கள், திருத்துவது பிறகு.

என் பழைய ஆரம்பம் இப்படி இருந்தது: “வசந்தத்தின் வருகையால் வேப்பமரம் வெண்முத்துச் சிரிப்பை உதிர்த்தது.” அச்சான ஆரம்பம் இது: “பங்குனி 9. அம்மா முற்றத்தில் அப்பாவின் பழைய வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் நாலு உழக்கை வைத்தார். சாயங்காலத்துக்குள் வேட்டி பாதி மறைந்துவிட்டது.” முதல் வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாவதில் தேதி இருக்கிறது, வேட்டி யாருடையது என்பது இருக்கிறது, அது ஏன் பழைய வேட்டியாக வீட்டில் கிடக்கிறது என்ற கேள்வியும் இருக்கிறது.

பங்குனியில் காரைக்குடி கம்பன் மணிமண்டபத்தில் கம்பன் விழா நடக்கும். கட்டாயம் போங்கள், நல்ல தமிழைக் காதால் கேட்பது எழுதுகிறவருக்குச் சோறு மாதிரி. கேட்டுவிட்டு வந்த அன்று இரவு மட்டும் எழுதாதீர்கள். மேடைத் தமிழின் ஓசை கையில் ஏறிக்கொள்ளும். மூன்று நாள் கழித்து எழுதுங்கள்.

பூவை எதற்கும் அடையாளமாக்க வேண்டாம். வாடிய பூ என்றால் வாழ்க்கையின் நிலையாமை, உதிர்ந்த பூ என்றால் பிரிவு என்று நீங்கள் விளக்கினால் வாசகருக்கு வேலை இல்லாமல் போகும். செருப்பில் பூ ஒட்டியிருந்தது என்று எழுதினால் போதும்.

8. திருத்துவது

ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு சத்தமாக வாசியுங்கள். வாய் இடறுகிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். வசந்தம், தென்றல், புன்னகை, இதயம், மௌனம் ஆகிய ஐந்து சொல்லையும் தேடி எடுங்கள். எடுத்த பிறகு வாக்கியம் நின்றால் அப்படியே விடுங்கள், விழுந்தால் வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள்.

சினிமாப் பாட்டு வரிகளைக் கட்டுரையில் நீளமாகப் போடாதீர்கள். நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருடம் வரை உரிமை தொடர்கிறது, ஆசிரியர்கள் அந்தப் பத்தியை வெட்டச் சொல்வார்கள். பாட்டு ஒலித்தது என்று சொன்னாலே வாசகருக்குக் கேட்கும்.

9. அனுப்புவது

தமிழ் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் எதிர்ப்பக்கம் கட்டம் கட்டமாகத் தெரியும், அப்படியே ஒதுக்கிவிடுவார்கள். என் முதல் கட்டுரையின் பாதி அப்படித்தான் போயிருந்தது. போனில் பேசித் தட்டச்சு செய்யலாம், ஆனால் ‘பூச்சொரிதல்’ என்று சொன்னால் அது வேறெதையாவது எழுதும், வரிவரியாகச் சரிபாருங்கள்.

கட்டுரையோடு சேர்க்க வேண்டியவை: “இது என் சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளியாகவில்லை, வேறெங்கும் அனுப்பவில்லை” என்ற உறுதிமொழிக் கடிதம். முழு முகவரி, தொலைபேசி எண். உங்களைப் பற்றி மூன்று வரி. படம் இருந்தால் அதை எடுத்தவர் பெயரும் அனுமதியும். சன்மானம் தருகிற இதழாக இருந்தால் அவர்கள் கேட்கும்போது வங்கி விவரம் கொடுங்கள், முதல் கடிதத்திலேயே வேண்டாம். தபாலில் அனுப்பினால் உங்கள் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் உள்ளே வையுங்கள், ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.

ஒரே கட்டுரையை இரண்டு இதழுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது பெரிய தவறு. இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் மூடிவிடும். மூன்று மாதம் காத்திருந்து, ஒரு நினைவூட்டல் அனுப்பி, பதில் இல்லையென்றால் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். ‘வெளியிடக் கட்டணம்’ என்று பணம் கேட்கும் தொகுப்பு நூல்களுக்கு அனுப்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எழுதுகிறவர் பணம் கொடுத்து அச்சாகிற பக்கத்தை, எழுதினவரைத் தவிர யாரும் வாசிப்பதில்லை.

நேரம் முக்கியம். இதழ்கள் ஒன்றிரண்டு மாதம் முன்கூட்டியே பக்கங்களை முடித்துவிடும். வேப்பம்பூக் கட்டுரையை வைகாசியில் அனுப்பினால் ஆடியில் வரும், அல்லது அடுத்த சித்திரை வரை கிடப்பில் இருக்கும். எனக்கு இரண்டாவதுதான் நடந்தது. அதனால் இந்த வருடம் எடுத்த குறிப்பை வைகாசிக்குள் எழுதி முடித்து, மார்கழியில் திருத்தி, தை முதல் வாரத்தில் அனுப்பினால் பங்குனி, சித்திரை இதழுக்குச் சரியாக இருக்கும்.

10. காத்திருக்கும் மாதங்களில்

ஆனி, ஆடியில் பூ குறையும். அப்போது ஒருநாள் ஆத்தங்குடிக்குப் போய்வாருங்கள். கண்ணாடி மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, சிமென்டும் நிறமும் கலந்த குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, தரைக்குப் பதிக்கிற பூக்கல் செய்வதைப் பட்டறையில் நின்று பார்க்கலாம். சட்டத்தை எடுத்தபிறகு நிறம் ஒன்றோடொன்று ஒட்டியும் கலக்காமலும் நிற்கும். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய பூக்கல் தரை இருந்தால் அதில் எந்தப் பூ, எத்தனை இதழ், எந்த மூலையில் தேய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தேய்ந்த இடம் யாரோ தினமும் உட்கார்ந்த இடம்.

உலர்த்திய வேப்பம்பூ மிச்சம் இருந்தால் ஓலைக் கொட்டானில் போட்டு, எந்த வருடத்துப் பூ என்று சீட்டு எழுதிப் போட்டு மூடி வையுங்கள். அம்மாவிடம் இப்போது நாலு வருடத்துப் பூ நாலு கொட்டானில் இருக்கிறது. ரசத்துக்கு எடுக்கும்போது பழையதிலிருந்து எடுப்பார், சீட்டை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுவார்.